படகுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு?

ஒரு தொழிலில் வரும் வருமானம் முதல் போட்டவருக்கும் உழைப்பவருக்கும் எப்படிப் பிரிகிறது என்பது கேள்வி.

காசிமேட்டில் ஏலம் முடிந்ததும் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் படகுக்காரருக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பங்கு. நாடு முழுக்க இப்படிக் கணக்குப் போட்டால் முதலாவது மூலதனத்தின் பங்கு, மற்றது உழைப்பின் பங்கு.

சரி, விகிதத்தை எது தீர்மானிக்கிறது? போட்டி உள்ள சந்தையில், கூடுதலாக ஒரு ஆள் ஏறினால் எவ்வளவு மீன் கூடுமோ அதன் மதிப்புதான் கூலி என்றார் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் பேட்ஸ் கிளார்க் (1899). கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலையை நாலு பேர் சேர்ந்து இழுக்கும்போது எந்த மீன் யாருடையது? உழைப்பு உண்டாக்கும் மதிப்பில் கூலி போக மிஞ்சுவதுதான் லாபம் என்றார் மார்க்ஸ். செலவுக்கு மேல் எவ்வளவு விலை வைக்க முடிகிறது என்பதைப் பொறுத்ததே இந்த விகிதம் என்றார் போலந்துப் பொருளியலாளர் கலெக்கி. தொழிற்சங்கம் வலுவாக இருந்தால் அந்த இடைவெளி சுருங்கும் என்பது அவர் வாதம். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது தறிகள் அதேதான். மாறியது பேரம் பேசும் பலம்.

அப்புறம், உழைப்பின் பங்கு குறைந்தால் கூலியே குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 10,000 ரூபாயில் 4,000 வாங்கியவர்கள் 20,000-ல் 6,000 வாங்கினால் கையில் காசு கூடியிருக்கிறது, பங்கு மட்டும் 40 சதவீதத்திலிருந்து 30 ஆகியிருக்கிறது.