தாளாளர் கேட்கும் சமாதானக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உடற்கல்வி ஆசிரியர் இரவில் வாட்ஸ்அப்பில் அவள் உடம்பைப் பற்றி எழுதி, போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறார். போன வாரம் விளையாட்டுச் சாமான் அறையில் தகாத முறையில் தொட்டிருக்கிறார். தாளாளரிடம் சொன்னோம். "நாங்களே விசாரிக்கிறோம், தேர்வு முடியட்டும், போலீசுக்குப் போனால் பெண் பேர்தான் கெடும்" என்கிறார். ஆசிரியரின் மன்னிப்புக் கடிதத்தைக் காட்டி, எங்களிடம் சமாதானக் கடிதம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். இது பள்ளிக்குள் பேசி முடிக்கிற விஷயமே இல்லை. அந்த இரவுச் செய்திகள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வரும் பாலியல் தொந்தரவு. 3 ஆண்டு வரை சிறை. தொட்டது அதைவிடக் கடுமையான குற்றம். பள்ளி ஊழியரே அந்தப் பள்ளிக் குழந்தையைப் பாலியல் நோக்கத்தோடு தொட்டால் 9-ஆம் பிரிவு பாயும், தண்டனை 5 முதல் 7 ஆண்டு. பெற்றோர் சமாதானமானாலும் வழக்கு முடியாது. ராஜஸ்தானில் இதேபோல் ஆசிரியர் மீதான வழக்கை, குடும்பம் சமாதானமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, வழக்கைத் தொடரச் சொன்னது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதைக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு நிச்சயம் கையில் எடுக்கும்.

தாளாளருக்குக் காத்திருக்க உரிமையே கிடையாது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால், 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

பள்ளியின் உள்விசாரணைக்கு மகளை அனுப்பாதீர்கள். நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், அவள் நாலு விதமாகச் சொல்வாள். நாளைக்கு நீதிமன்றத்தில் அதற்கு 'முரண்பாடு' என்று பெயர் வைப்பார்கள். வீட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு, ஒருமுறை எழுதி வையுங்கள்.

அடுத்து, போன். நிறைய வழக்குகள் பலவீனமாவது இங்கேதான். கோபத்தில் எதையும் அழிக்காதீர்கள், அந்த எண்ணை பிளாக் செய்யும் முன் உரையாடல் முழுவதையும் எடுத்து வையுங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி ஆன் ஆகியிருந்தால் உடனே அணையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் 'பி.டி. சார்' என்று சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. போன் எண், தேதி, நேரம் மூன்றும் தெரிய வேண்டும். போனைப் பள்ளியில் கொடுக்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று வேண்டும். அசல் போன் பத்திரமாக இருந்தால் அதில் சிக்கல் குறையும்.

புகாரை அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும், வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். போக்சோ புகாரைப் பதியாமல் விடுவதும் 21-ஆம் பிரிவில் குற்றம்தான். வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, கூடியவரை பெண் உதவி ஆய்வாளர், சீருடை இல்லாமல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் காவல் துறையிடமிருந்து குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். மகளுக்குத் துணை நிற்க ஓர் ஆதரவு நபர் வேண்டும் என்று அந்தக் குழுவிடம் கேளுங்கள்.

பேர் கெடும் என்ற பயத்துக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளிப் பெயர் எதையும் ஊடகங்கள் வெளியிடுவது 23-ஆம் பிரிவில் குற்றம். உறவினர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களும் எதுவும் போடாதீர்கள். டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தால், சிறுபான்மையினர் பள்ளியாக இல்லாதபட்சத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்ற முடியாது.

இன்னொரு கடிதம் தாளாளருக்கு, நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு: விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் வளாகத்துக்குள் வரக்கூடாது, ஊழியர்கள் மாணவர்களோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசத் தடை வேண்டும், சாமான் அறைக்கு ஒரு குழந்தையைத் தனியாக அனுப்பக்கூடாது, 2020 போக்சோ விதிகள் சொல்கிறபடி ஊழியர்களின் பின்னணியைக் காவல் துறை மூலம் சரிபார்த்தார்களா என்று எழுத்தில் பதில் வேண்டும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.