காளான் நஞ்சும் தசைத் தளர்ச்சியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தசைப்பிடிப்புக்கு நல்லது என்று அமனிடா மஸ்கேரியா காளான் மிட்டாயை இணையத்தில் விற்கிறார்கள். கழுத்துவலிக்கு வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். மஸ்கரின் என்பது சில காளான்களில் இருக்கும் நஞ்சு; அந்தச் சிவப்புக் காளானில் அது இருப்பது மிகச் சொற்பம். மயக்கம் தருவது மஸ்கிமால் என்ற வேறொரு பொருள். அது மூளையில் வேலை செய்வது. கழுத்துத் தசைக்கு நரம்பின் கட்டளை போவது நிக்கோட்டின் ஏற்பி வழியாக (ஏற்பி என்பது வேதிப்பொருள் வந்து ஒட்டி செல்லைத் தூண்டும் இடம்). மஸ்கரினுக்கு அங்கே வேலையே இல்லை.

கேள்வி: மஸ்கரின் ரத்தக்குழாயைத் தளர்த்தும், குடலை இறுக்கும் என்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. மஸ்கரின் ஒட்டும் ஏற்பி, குடலில் தசையின் மீதே இருக்கிறது. மஸ்கரின் பட்டதும் சுருங்கும். ரத்தக்குழாயிலும் தசையில் நேரடியாகப் பட்டால் சுருக்கம்தான். ஆனால் உட்புறம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் ஒட்டியிருக்கிறது. மஸ்கரின் ஏற்பிகள் அதிலும் உண்டு. அவை தூண்டப்பட்டால் படலம் நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும். அடியிலிருக்கும் தசை தளரும்.

இதைக் கண்டுபிடித்தவர் நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் மகாதமனியை நாடாவாக வெட்டி, அதே ஏற்பிகளைத் தூண்டும், நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலினை விட்டபோதெல்லாம் அவருக்குச் சுருக்கமே கிடைத்துவந்தது. வெட்டும்போது உட்புறம் உரசி, படலம் உரிந்துபோயிருக்கிறது! படலம் உரிந்த துண்டையும் உரியாத துண்டையும் முகத்தோடு முகம் ஒட்டவைத்துப் பார்த்தார், உரிந்த துண்டும் தளர்ந்தது. 1980-இல் கட்டுரை வந்தது, 1998-இல் நோபல் பரிசு. ரத்தக்குழாயை ரப்பர் குழாய் மாதிரி நினைத்துப் படித்த தலைமுறைக்கு அது பெரிய திருப்பம்.

கேள்வி: இதனால் நோயாளிக்கு என்ன லாபம்?

மஸ்கரின் ஏற்பியை மருந்தால் அடைத்தால் இறுகிய தசை தளரும். ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகளின் டயோட்ரோபியம் இன்ஹேலர், வயிற்றுப்பிடிப்புக்கான டைசைக்ளோமின், கண் பரிசோதனைக்கு முன் விடும் சொட்டு மருந்து எல்லாம் இந்த வகைதான்.

கேள்வி: மஸ்கரின் உள்ள காட்டுக் காளானைச் சாப்பிட்டுவிட்டால்?

பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகும், பேதியாகும், நாடித்துடிப்பு குறையும். முறிமருந்து அட்ரோபின். 1869-இல் ஷ்மீடபெர்க், கோப்பே என்ற ஆய்வாளர்கள் மஸ்கரினால் நின்ற தவளை இதயத்தை அதைக்கொண்டே மீண்டும் துடிக்கவைத்தார்கள். சில வகைப் பூச்சிமருந்தைக் குடித்தவர்களுக்கு நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்றுவதும் இதைத்தான்.

வாந்தி, பேதி ஆறு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் இன்னும் ஆபத்து; அது ஈரலைத் தாக்கும் வேறு நஞ்சாக இருக்கலாம். எதுவானாலும் மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போங்கள். பாலிதீன் பையில் போட்டால் அழுகிவிடும்.