12 வருடம், ஒரே ஒரு சாவி

வணக்கம் மேடம்.

எனக்கு 56 வயது. சின்ன ஊர், தெருவில் இறங்கினால் நாலு பேராவது நிறுத்திப் பேசாமல் விடமாட்டார்கள். மகனும் மகளும் வேலைக்காக வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நானும் கணவரும்தான். பிள்ளைகள் படித்தபோது பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் சேர்ந்தேன். அப்புறம் ரத்ததான முகாம், தனியாக இருக்கும் வயதானவர்களை டாக்டரிடம் அழைத்துப் போவது, சாயங்காலம் சமூகக்கூடத்தில் குழந்தைகளுக்கு வாசிப்பு வகுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. கூடத்தின் சாவி 12 வருடமாக என் கைப்பையில்தான் இருந்தது. மழையோ காய்ச்சலோ, ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும்.

நான்கு மாதம் முன்பு படிக்கட்டில் சறுக்கி, கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல், வகுப்புக்கு வரும் ஒரு பையனின் அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். தினமும் போன் வரும், என்னைக் கேட்காமல் எதுவும் ஓடாது என்று நினைத்தேன். முதல் வாரம் இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு சத்தமே இல்லை.

கட்டுப் பிரித்ததும் போய்ப் பார்த்தால், சுவரில் ஒரு அட்டவணை. யார் எந்தக் கிழமை என்று. என் பெயர் வியாழக்கிழமையில் மட்டும். “அக்கா, நீங்க சிரமப்படக் கூடாதுன்னு மூணு சாவி போட்டு ஆளுக்கொண்ணா வச்சுக்கிட்டோம்” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் சொன்னது இன்னும் வலிக்கிறது: “ஊருக்கே நீ அம்மா. நாங்க வரிசையில நின்னுதாம்மா உன்னைப் பார்த்தோம்.” அவர்களுக்கு நான் என்ன குறை வைத்தேன் மேடம்? ஒரு பரீட்சை, ஒரு காய்ச்சல் தவறவிட்டதில்லை.

இப்போது விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பாட்டி வங்கிப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார், எரிந்து விழுந்துவிட்டேன். நான் இப்படி இருந்ததே இல்லை. காலுக்குப் பிசியோதெரபி போகச் சொன்னார்கள், அதற்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிடலாமா? அந்தப் பெண்மேல் எனக்கு இருப்பது பொறாமையா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கொஞ்சம் பொறாமைதான். அதனால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. 12 வருடம் தூக்கிய பொருளை வேறொரு கை சுலபமாகத் தூக்கும்போது யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பொறாமை இல்லை, அந்தச் சாவி. இத்தனை வருடம் ஏன் ஒரே ஒரு சாவிதான் இருந்தது? நகல் எடுக்க அரை மணி நேரம் ஆகுமா?

உங்களைக் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. யாரும் உங்களிடமிருந்து நகலைப் பிடுங்கி வைக்கவில்லை, நீங்களும் வேண்டுமென்று மறுக்கவில்லை. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வார்த்தை ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு வந்திருக்கும், அவ்வளவுதான். கட்டுப் போட்டிருந்த ஆறு வாரமும் உங்களுக்கு யார் என்ன உதவி செய்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. யாரும் வரவில்லையா, வந்தவர்களை ‘பரவாயில்லை’ என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்களா? இரண்டாவதுதான் என்று ஊகிக்கிறேன்.

1990களில் அமெரிக்க உளவியலாளர் விக்கி ஹெல்கெசன் சக ஆய்வாளர்களோடு இதைப் பிரித்துப் பார்த்தார். பிறர்மேல் அக்கறை கொள்வது ஒன்று. தன்னைக் கணக்கிலேயே சேர்க்காமல் அக்கறை கொள்வது வேறொன்று. முதலாவதால் மனம் கெடுவதில்லை. இரண்டாவதோடு மனச்சோர்வு சேர்ந்தே வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு உதவி செய்வது எளிது, உதவி வாங்குவதுதான் கூச்சம்.

பாட்டிமேல் எரிந்து விழுந்ததை உங்கள் குணம் மாறிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உழைத்து உழைத்து உள்ளுக்குள் சோர்ந்துபோவதை ‘பர்ன் அவுட்’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அந்தச் சொல்லை 1974இல் உளவியல் கட்டுரையில் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். அவர் பார்த்தது ஆபீஸ் ஊழியர்களை இல்லை. நியூயார்க்கின் ஓர் இலவச மருத்துவமனையில் இரவு பகல் பார்க்காமல் உழைத்த தொண்டர்களை. அவரும் அவர்களில் ஒருவர். ஊக்கத்தோடு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு வருடத்தில் சிடுசிடுப்பதையும், எதிலும் நம்பிக்கை இழப்பதையும் எழுதினார். (உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வேலை சார்ந்த நிலையாக மட்டுமே வரையறுத்தது. வீட்டையும் ஊரையும் சேர்த்துச் சுமக்கும் பெண்களுக்குச் சம்பளச் சீட்டு இல்லையே, அவர்கள் இதில் எங்கே வருவார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.)

ஆனால் எல்லாவற்றையும் மனத்தின்மேலேயே போட வேண்டாம். உங்கள் வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நின்ற பிறகான மாற்றங்கள் எதுவும் தூக்கத்தையும் பொறுமையையும் கெடுக்கலாம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. விடியற்காலை விழிப்போடு, எதிலும் நாட்டமில்லாமல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்து இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கணவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, மகள் விஷயம். பரீட்சை, காய்ச்சல் என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். உண்மையான கணக்குதான். ஆனால் அவள் கேட்பது அந்தக் கணக்கை இல்லை. ஒரு காரணமும் இல்லாத சாதாரண நாளில், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்கிறாள். அவளை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “வரிசையில நின்னோம்னு சொன்னியே, எந்த நாள் ஞாபகம் வருது?” அவள் சொல்லும்போது ‘அன்றைக்கு என்ன ஆச்சுன்னா’ என்று விளக்கம் ஆரம்பிக்காதீர்கள். இதுதான் கஷ்டம். விளக்கம் நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிட்டு, “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள்.

ஒதுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். முழுக்க ஒதுங்குவதும், எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொள்வதன் மறுபக்கம்தான். ‘நான் இல்லாமல் தவிக்கட்டும்’ என்ற சின்ன ஆசை அதில் ஒளிந்திருக்கும். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், 1953இல் ‘போதுமான அளவுக்கு நல்ல தாய்’ என்றொரு கருத்தைச் சொன்னார். கைக்குழந்தைக்கு அம்மா தொடக்கத்தில் முழுக்க வளைந்து கொடுப்பாள். பிள்ளை தாங்கத் தாங்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். அந்த இடைவெளியில்தான் பிள்ளை தன் காலில் நிற்கப் பழகும். அந்தக் கூடத்தை உங்கள் மூன்றாவது பிள்ளை என்று வைத்துக்கொண்டால், அது நின்றுவிட்டது. நீங்கள் ஆறு வாரம் கட்டிலில் கிடந்த நேரத்தில் உங்களைக் கேட்காமலேயே நின்றுவிட்டதால்தான் இவ்வளவு வலி.

எனவே வியாழக்கிழமை போங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கால்கள் தானாக வாசலுக்குப் போகும், நெஞ்சு படபடக்கும், போனை எடுத்து ‘திறந்தாச்சா?’ என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் இருந்து பாருங்கள். புதிதாக யாராவது வேலை சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாமல், “நாளைக்குச் சொல்றேன்” என்று நிறுத்துங்கள். பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டு அந்தப் படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடலாம்.

பிசியோதெரபியைத் தள்ளிப்போடாதீர்கள், கட்டுப் பிரித்தும் சரியாகப் பயிற்சி செய்யாவிட்டால் கணுக்கால் இறுகிப்போகும். ஆனால் தனியாகப் போக வேண்டாம். மூன்று சாவிக்காரர்களில் அந்த இளம் பெண்ணைக் கூப்பிட்டு, “என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறியாம்மா?” என்று கேளுங்கள்.