டெக்ஸாஸின் சைகெடெலிக் ராக் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கல்லூரிக் காலத்திலிருந்து ராக் கேட்டுவருகிறேன். டோர்ஸ், ஹென்ட்ரிக்ஸ், ஜெஃபர்சன் ஏர்ப்ளேன், கிரேட்ஃபுல் டெட் என்று அறுபதுகளின் அமெரிக்க சைகெடெலிக் இசையில் (போதை மயக்கத்தின் அனுபவத்தை ஒலியில் கொண்டுவர முயன்ற ராக் வகை) பெரிய பெயர்களையெல்லாம் கேட்டாயிற்று. அதற்கு அப்பால் போக வழி தெரியவில்லை. பாட்டுக் கேட்கும் ஆப்பில் எதைப் போட்டாலும் ஐந்தாவது பாட்டுக்குள் திரும்ப டோர்ஸில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது? காலம் வடிகட்டித் தள்ளிய குழுக்களை மெனக்கெட்டுத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறதா? சுமாராக இருந்ததால்தானே மறக்கப்பட்டார்கள்? போதைப்பொருள் பக்கமே போகாத என்னைப் போன்றவனுக்கு இந்த இசை முழுதாகப் பிடிபடுமா என்ற சந்தேகமும் உண்டு.

அன்புடன்,
கே., மதுரை

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

அறுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் ஒரு பாட்டு ஹிட் ஆவது பெரும்பாலும் ஊர் ஊராகத்தான் நடந்தது. உள்ளூர் ரேடியோவில் ஒரு அறிவிப்பாளருக்குப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த ஊர்க் கடைகளில் இசைத்தட்டு விற்றுத் தீரும். பக்கத்து மாநிலத்தில் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாது. தெரியவைப்பதற்குத் தட்டுகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து, விநியோகஸ்தர்களிடம் கடனுக்குக் கொடுத்து, பணம் திரும்பி வரும்வரை தாக்குப்பிடிக்க முதல் வேண்டும். கொலம்பியா மாதிரி கம்பெனிகளிடம் அது இருந்தது, சிறிய ஊர்களின் சிறிய லேபிள்களிடம் (இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிகளிடம்) இல்லை. காலம் வடிகட்டியது என்று நாம் நினைப்பதில் பாதி, லாரி வந்து சேராத கதைதான்.

இசைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. நியூயார்க்கில் சில்வர் ஆப்பிள்ஸ் என்று இரண்டே பேர் கொண்ட குழு. ட்ரம்ஸ் வாசித்தவர் டானி டெய்லர். சிமியன் காக்ஸ் பழைய ஆஸிலேட்டர்களை (மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவிகளை) ஒன்றோடொன்று இணைத்து, கையாலும் காலாலும் முழங்கையாலும் இயக்கிக்கொண்டே பாடினார். 1968-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை இன்றைக்குப் போட்டால்கூட நேற்றுப் பதிவு செய்தது போலத்தான் இருக்கும். 1969-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முன்னட்டையில் பான் அம் என்ற அமெரிக்க விமான கம்பெனியின் விமானத்தில், காக்பிட்டில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள், பின்னட்டையில் விழுந்து நொறுங்கிய ஒரு விமானம். பான் அம் வழக்குப் போட்டது, குழு கலைந்தது. தொண்ணூறுகளில் ஜெர்மனியில் யாரோ அனுமதியில்லாமல் அந்த ஆல்பங்களை மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் அவர்களைக் கவனித்தது. இதில் சுமார் என்று எதைச் சொல்வீர்கள்?

அதே சமயம், மறக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி சுமார்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு நல்ல சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) போட்டுவிட்டு ஆல்பத்தின் மீதியை அடுத்தவர் பாட்டுகளால் நிரப்பியவர்கள் ஏராளம். ஏலத்தில் ஒரு தட்டு என்ன விலைக்குப் போகிறது என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அரிதான தட்டு என்றால் குறைவாக அச்சடித்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம்.

அதனால் பட்டியல்களை மூடிவைத்துவிட்டு ஒரு ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் யாரோடு வாசித்தார், யாருக்கு யார் பாட்டு எழுதிக் கொடுத்தார், அதே லேபிளில் வேறு யார் இருந்தார்கள் என்று ஆள் ஆளாகப் போங்கள். சைகெடெலிக் என்றாலே எல்லோரும் சான் ஃபிரான்சிஸ்கோவைத்தான் நினைப்பார்கள். நான் உங்களை டெக்ஸாஸுக்கு அனுப்புகிறேன்: ஆஸ்டின், கூடவே ஹூஸ்டன்.

1965-இன் கடைசியில் ஆஸ்டினில் தர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் என்ற குழு உருவானது. பாடகர் ரோக்கி எரிக்ஸனுக்கு அப்போது 18 வயது. கிதார் ஸ்டேஸி சதர்லண்ட், ட்ரம்ஸ் ஜான் ஐக் வால்ட்டன். இவர்களோடு டாமி ஹால் என்ற பல்கலைக்கழக மாணவர். அவருடைய வாத்தியம் ஒரு ஜாடி.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஜக் பேண்ட் என்று ஒரு வகை உண்டு. காலி ஜாடியின் வாயருகே உதட்டைக் குவித்து ஊதி, பேஸ் மாதிரி ஒரு கனத்த ஒலியைக் கொண்டுவருவார்கள். டாமி ஹால் அப்படி ஊதவில்லை. ஜாடியின் வாயோடு ஒட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு, தொண்டையிலிருந்து வேகவேகமாகக் குரல் கொடுத்தார். ஜாடி அந்தக் குரலுக்கு எதிரொலி அறையானது. ஜாடி என்றதும் நமக்குக் கடம் ஞாபகம் வரும், ஆனால் இதில் தட்டும் வேலையே கிடையாது. குபுகுபுவென்று ஏறி இறங்கும் அந்த ஒலி தாளத்தோடும் சேராது, ராகத்தோடும் சேராது. முதல் தடவை கேட்கிறவர்கள் ரெக்கார்டிங்கில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள். இரண்டு மூன்று பாட்டுகள் போனதும், அது இல்லாத இடத்தில் காது அதைத் தேட ஆரம்பித்துவிடும்.

'யூ ஆர் கோனா மிஸ் மீ' 1966-இல் அமெரிக்க ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் 55-ஆம் இடம்வரை வந்தது. அவர்களுக்குக் கிடைத்த பெரிய ஹிட் அதுதான். ரோக்கியின் அலறலைக் கவனியுங்கள். நான் போன பிறகு என்னைத் தேடுவாய் என்று காதலியிடம் சொல்லும் சாதாரணப் பாட்டு. அதை அவர் பாடுகிற விதத்தில் மிரட்டலும் கெஞ்சலும் ஒன்றாக இருக்கின்றன. கடைசியில் மவுத் ஆர்கனும் அவரே. அதே வருடம் வந்த முதல் ஆல்பம், சைகெடெலிக் என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய முதல் ராக் ஆல்பங்களில் ஒன்று. அதில் 'ரோலர்கோஸ்டர்' கேளுங்கள். சதர்லண்டின் கிதாரில் எதிரொலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். அப்புறம் 'ஸ்ப்ளாஷ் 1'. டாமியின் மனைவி கிளெமென்டைன் ஹாலும் ரோக்கியும் சேர்ந்து எழுதிய மெதுவான பாட்டு. இந்த அலறல்காரரா இவ்வளவு மென்மையாகப் பாடுகிறார் என்று தோன்றும். எனக்கு மிகவும் பிடித்தது 1967-இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'ஈஸ்டர் எவ்ரிவேர்'. அதன் முதல் பாட்டு எட்டு நிமிடம் ஓடும். டோர்ஸின் நீண்ட பாட்டுகளுக்குப் பக்கத்தில் தயங்காமல் அதை வைப்பேன்.

இவர்களை வெளியிட்டது ஹூஸ்டனில் இருந்த இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ். தயாரிப்பாளர் லீலன் ராஜர்ஸ், பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன். அந்த லேபிள் இவர்களை எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 1968-இல் 'லைவ்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். ஸ்டுடியோவில் மிச்சம் கிடந்த பதிவுகளின் மேல் கைதட்டலை ஒட்டவைத்து மேடை நிகழ்ச்சி என்று விற்றார்கள். அதை நீங்கள் தாண்டிப் போய்விடலாம்.

ஆனால் அந்த லேபிளின் மற்ற குழுக்களை விடாதீர்கள். ரோக்கியின் பள்ளித் தோழர் ஜார்ஜ் கின்னியின் குழு கோல்டன் டான். அவர்களுடைய ஒரே ஆல்பமான 'பவர் பிளான்ட்'டை லேபிள் கிடப்பில் போட்டு, 'ஈஸ்டர் எவ்ரிவேர்' வந்த பிறகு 1968-இல்தான் வெளியிட்டது. அதனால் எலிவேட்டர்ஸைக் காப்பியடித்தவர்கள் என்ற பெயர் வந்து சேர்ந்தது. அந்த ஆல்பத்துக்கு இன்றுவரை நியாயம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். பபிள் பப்பி 1969-இல் ஒரு பாட்டை 14-ஆம் இடம்வரை கொண்டுபோனார்கள், லேபிளின் பெரிய வெற்றி அது. அந்தப் பாட்டு போதும், ஆல்பம் அவசியமில்லை.

ரெட் க்ரயோலா வேறு ரகம். ஹூஸ்டனில் மூன்று பேர்: மேயோ தாம்ஸன், ஸ்டீவ் கன்னிங்ஹாம், ஃப்ரெடரிக் பார்த்தெல்மி. ட்ரம்ஸ் வாசித்த பார்த்தெல்மி பிற்பாடு நாவலாசிரியர் ஆனார். சிறுகதை வாசகர்களுக்கு அவருடைய அண்ணன் டொனால்ட் பார்த்தெல்மியைத் தெரிந்திருக்கும். 1967-இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தில், ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே நண்பர்கள் கூட்டம் ஒன்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துச் சத்தம் எழுப்பும். அந்தக் கும்பலுக்கு 'ஃபெமிலியர் அக்லி' என்று பெயர். அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பாட்டு மெல்ல வெளியே வரும், திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு பாட்டுகளில் ரோக்கி வந்து வாசித்திருக்கிறார், ஒன்றில் ஆர்கன், இன்னொன்றில் மவுத் ஆர்கன். எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் டெக்ஸாஸில் 1967-இல் ஒரு சிறிய லேபிள் இதைத் துணிந்து வெளியிட்டது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

நீங்கள் பிடித்துப் போக இன்னொரு இழை பவல் செயின்ட் ஜான். ஆஸ்டினில் பாடகி ஜானிஸ் ஜாப்ளினோடு சேர்ந்து பாடியவர். எலிவேட்டர்ஸுக்குச் சில நல்ல பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோ போனார், அங்கே மதர் எர்த் குழுவில் சேர்ந்தார். அவரைப் பிடித்துக்கொண்டே நீங்களும் கலிஃபோர்னியா போகலாம். இந்த முறை வேறு வாசல் வழியாக.

இனி உங்கள் கடைசிச் சந்தேகம். டாமி ஹாலுக்கு எல்.எஸ்.டி என்ற போதைப்பொருள் மீது மதநம்பிக்கை மாதிரியே ஒரு நம்பிக்கை இருந்தது, முதல் ஆல்பத்தின் அட்டைக் குறிப்பிலேயே அது தெரியும். அதை மறைத்துப் பேச முடியாது. ஆனால் அதன் விலை என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1969-இல் ரோக்கி ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டோடு பிடிபட்டார். டெக்ஸாஸ் சட்டப்படி பல வருடச் சிறை வரும் என்பதால், மனநிலை சரியில்லை என்று வாதாடினார்கள். விளைவு, ரஸ்க் என்ற ஊரில் குற்றவாளிகளையும் வைத்திருந்த அரசு மனநல மருத்துவமனை. 1972-இல்தான் வெளியே வந்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் பட்ட பாட்டைப் படித்தால் மனம் தாங்காது. போதை இந்த இசைக்குக் கதவைத் திறந்தது என்று ரசனையோடு எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. இந்தப் பாட்டுகளில் நாம் கேட்பது ஒரு பதினெட்டு வயதுக் குரல், ரிவர்ப் (எதிரொலி) போட்ட கிதார், ஒரு ஜாடி. அதைக் கேட்கக் காது போதும். பழக்கமில்லாதவருக்குப் பிடிபடாத எதுவும் அதில் இல்லை.

ரோக்கி 2019 மே மாதம் ஆஸ்டினிலேயே காலமானார். அதற்கு நான்கு வருடம் முன்பு, எலிவேட்டர்ஸ் பாட்டு ஒன்றின் பெயரையே சூட்டிக்கொண்ட லெவிட்டேஷன் இசை விழாவில், அந்தக் குழு மறுபடி ஒன்றாக மேடையேறியது.

டெக்ஸாஸ் முடிந்ததும் 'நக்கெட்ஸ்' தொகுப்புக்குப் போங்கள். லென்னி கே தொகுத்து 1972-இல் எலெக்ட்ரா லேபிள் வெளியிட்டது, இரண்டு தட்டுகளில் 27 பாட்டுகள். பெரும்பாலும் 1965-க்கும் 1968-க்கும் இடையில் வந்தவை. பத்து வருடம்கூட ஆகாத பாட்டுகளைத் தேடியெடுத்துக் காப்பாற்ற ஆள் தேவைப்பட்டது என்றால், எவ்வளவு வேகமாகக் காணாமல் போயிருக்கின்றன என்று பாருங்கள். 1998-இல் ரைனோ லேபிள் அதை நான்கு சி.டி.களாக விரித்தது. முதலில் பழைய 27 மட்டும் கேளுங்கள். எது பிடித்துப்போகிறதோ அந்தக் குழுவின் ஊரைப் பாருங்கள், அங்கிருந்து மறுபடி இதே வேலை.

ஆப்பைப் பொறுத்தவரை, தானாக அடுத்த பாட்டைப் போடும் வசதியை அணைத்துவிட்டு ஆல்பத்தை முழுதாகக் கேளுங்கள். எலிவேட்டர்ஸின் முதல் ஆல்பத்துக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், ஸ்டீரியோவில் அந்த வேகம் குறைந்துவிடுகிறது. 'ஈஸ்டர் எவ்ரிவேர்', 'பவர் பிளான்ட்' இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள், யார் யாரைக் காப்பியடித்தார்கள் என்ற குற்றச்சாட்டை நீங்களே விசாரித்துவிடலாம். ரெட் க்ரயோலாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்