பரம்பிக்குளம் வரை போவது வீணா? அணைகளைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரில் வேலை பார்ப்பதாகவும், நண்பர்களோடு மலைக்காட்டில் நடக்க ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். டாப்சிலிப் போய் வந்தவர்கள் "அதுக்கு மேல பரம்பிக்குளம் போகாதீங்க, சும்மா மூணு அணைதான்" என்று சொன்னார்களாம். அந்தச் "சும்மா மூணு அணை" என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நான் வெள்ளகோவில் பக்கத்து விவசாயி. பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனத்தின் கடைமடை. அந்த மூணு அணையில் தண்ணி நின்றால்தான் எங்கள் ஊரில் சோளத்தட்டு நிற்கும்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கலாம். வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. காலையில் போய் மாலையில் திரும்பினால் வேனில் உட்கார்ந்து பார்த்ததுதான் மிச்சம். நடக்க வேண்டும் என்றால் ஒரு ராத்திரி தங்குங்கள். தங்குவதற்கு முன்பதிவு வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை வழியாக டாப்சிலிப் ஏறி, ஆனப்பாடி தாண்டி உள்ளே போக வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப்புக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கோடையில் காட்டுத்தீ பயத்தில் மூடி வைப்பதும் உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் இது குழப்பம். பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 643 சதுர கிலோமீட்டர். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டு வழியாகத்தான் போக முடியும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்ற மூன்று அணைகளும் கேரள மண்ணில் இருக்கின்றன, பராமரிப்பது தமிழ்நாடு. காமராஜர் காலத்தில் தொடங்கிய திட்டம் இது. இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, 1958-ஆம் வருடத்திலிருந்தே செல்லும் என்று கணக்கு வைத்தார்கள். இதை எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நான் யாருக்கும் உரிமை கொண்டாடவில்லை. காடு அவர்களுடையது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். அணைகள் கட்டியபோது காடு மூழ்கியதும் எனக்குத் தெரியும். அந்தக் காடு மூழ்கித்தான் எங்கள் பூமி நனைந்தது என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

2019 புரட்டாசியில் போனோம். நான், என் பையன், என் அப்பா. அப்பாவுக்கு அப்போது 76 வயது.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் ஏன் போனோம் என்று புரியும். எங்களுக்கு ஆறு ஏக்கர். அதில் பாதி கொரங்காடு, மாடு மேய்க்க விட்டது. மீதிக்குத்தான் வாய்க்கால் தண்ணி. திருமூர்த்தி அணைப் பாசனம் மட்டும் 3.77 லட்சம் ஏக்கர். அவ்வளவுக்கும் ஒரே சமயத்தில் தண்ணி கொடுக்க முடியாது என்று நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணி வந்து போனால் அடுத்து வர இரண்டு வருடம். அந்த முறைத் தண்ணிக்காக அப்பா எத்தனை ராத்திரி மடையில் படுத்திருக்கிறார் என்பதற்குக் கணக்கே கிடையாது. கம்பளியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போவார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் விடிகாலை அவருக்குக் காப்பித் தண்ணி கொண்டுபோனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார். ஆனால் திருமூர்த்தி மலைக்கு மேல் அந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

ஒருநாள் சாயங்காலம் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தட்டுப் போட்டுக்கொண்டே, "கண்ணு, இந்தத் தண்ணி எங்கிருந்து கெளம்புதுன்னு ஒருக்கா பாத்துட்டு வந்தரலாமா?" என்றார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

டாப்சிலிப்பில் இறங்கியதும் என் பையன் யானை எங்கே என்று தேடினான். அப்பா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கை வெட்டி இந்த உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டதால் வந்த பெயர் டாப்சிலிப். வெட்டி வெட்டி மொட்டையான காட்டைத் திரும்ப வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. நடக்கும்போதே கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டு போவார் என்று சொல்வார்கள். 1933-இல் இறந்தவரை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வேறு யாரும் அங்கே நின்ற மாதிரி தெரியவில்லை.

பரம்பிக்குளத்துக்குள் சஃபாரி வேனில் வழிகாட்டித் தம்பி ஒருவர் கூடவே வந்தார். மலசர் இனத்தைச் சேர்ந்தவர். காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிற மக்கள்தான் வழிகாட்டிகள். ரோட்டோரத்தில் காட்டெருமை நின்றது, புள்ளிமான் கூட்டம் நின்றது. கன்னிமாரா தேக்கைக் காட்டினார். அதன் தூரைச் சுற்றிக் கை கோக்க எங்கள் மூன்று பேரால் முடியவில்லை.

அப்புறம் தூணக்கடவு. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வளைவு திரும்பியதும் மரங்களுக்கு நடுவில் ஏரி தெரிந்தது. அலையே இல்லை. சுற்றிலும் மலை, மலையின் நிழல் பூராவும் தண்ணிக்குள். என் பையன் போட்டோ எடுத்தான். அப்பா வேனின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். வால்பாறைப் பக்கத்தில் மேல் நீராறு, கீழ் நீராறு, அங்கிருந்து சோலையாறு, அங்கிருந்து பரம்பிக்குளம், அங்கிருந்து குகைவழியாகத் தூணக்கடவு, பக்கத்திலேயே அதே மட்டத்தில் பெருவாரிப்பள்ளம். தூணக்கடவிலிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் மலைச்சரிவில் சுற்றிச் சுற்றித் திருமூர்த்திக்கு வருகிறது. அதற்கப்புறம் 124 கிலோமீட்டர் பிரதானக் கால்வாய். அதன் கடைசியில் நாங்கள். மேற்கே ஓடிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணியை மழை மறைவில் கிடக்கிற எங்கள் பக்கம் திருப்பிவிட்ட வேலை இது. இப்போது சொல்லுங்கள், இது சும்மா மூணு அணையா?

அடுத்த நாள் விடிந்ததும் நடந்தோம். மூன்று மணி நேர நடை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழிகாட்டித் தம்பிக்குப் பின்னால் நடந்தார். அந்தத் தம்பி ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. கருமந்தி கத்தினால் கையைக் காட்டி நிற்கச் சொல்வார், சத்தம் அடங்கினால் நடப்பார். இந்தக் காட்டிலிருந்து சாலக்குடி வரைக்கும் தேக்கு கொண்டுபோக 1907-இல் டிராம்வே ரயில் போட்டு, 1963 வரைக்கும் ஓட்டினார்கள் என்று வழியில் சொன்னார். மழை ஈரத்தில் அட்டை ஏறியது. பையன் பதறினான். அப்பா இடுப்பிலிருந்த சுண்ணாம்பை எடுத்து வைத்தார், உதிர்ந்துவிட்டது.

ஏரிக்கரை பக்கம் வந்தபோது அப்பா இறங்கித் தண்ணியைத் தொடப் போனார். "அய்யா, வேண்டாமுங்க, முதலை இருக்கு" என்று தம்பி தோளைப் பிடித்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. இத்தனை தூரம் வந்து தொட முடியவில்லையே என்று எனக்கும் கஷ்டமாக இருந்தது. தம்பி அதைப் புரிந்துகொண்டார். கொஞ்ச தூரம் தள்ளி ஏரிக்கு ஓடுகிற ஒரு சிற்றோடைக்குக் கூட்டிப்போய், "இங்க தொடுங்கய்யா, இதுவும் அங்கதான் போகுது" என்றார்.

அப்பா உட்கார்ந்து முகம் கழுவினார். இரண்டு கை அள்ளிக் குடித்தார். அப்புறம் கேட்டார், "ஏனுங்க தம்பி, இது எங்க காட்டுக்கு வந்து சேர எத்தன நாள் ஆகும்?"

தம்பி, "இதானுங்களே காடு" என்றார்.

எங்கள் பக்கம் காடு என்றால் விளைகிற பூமி. "காட்டுக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அவருக்குக் காடு என்றால் அந்தக் காடு. நான் விளக்கிச் சொன்னேன். தம்பி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அவ்வளவு தூரமா போகுதுங்களா?" என்று கேட்டார். அந்தத் தண்ணி பிறக்கிற இடத்தில் வாழ்கிறவருக்கு அது முடிகிற இடம் தெரியாது, முடிகிற இடத்தில் வாழ்ந்த அப்பாவுக்கு அது பிறக்கிற இடம் தெரியாது. ஓடைக்கரையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் என்ன விளையும், கிணறு எத்தனை அடி, மாடு எத்தனை என்று எல்லாம் அந்தத் தம்பி கேட்டார்.

76 வயது மனிதரை அட்டையும் முதலையும் இருக்கிற காட்டுக்குள் நடக்க வைத்தது தப்பு என்று எழுதப்போகிறவர்களுக்கு: அவருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் இல்லை. போகும் முன் டாக்டரிடம் காட்டினோம். சமதரையான தடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். உங்கள் வீட்டுப் பெரியவரின் உடம்பு உங்களுக்குத்தான் தெரியும், நான் யாரையும் கூட்டிப்போகச் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து, 2022 செப்டம்பர் 21 விடியும் முன், பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது உடைந்து அடித்துக்கொண்டு போனது. விநாடிக்கு ஏறக்குறைய 20,000 கன அடி. அணை நிரம்பி நின்ற நேரம். தண்ணி ஷட்டரின் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை நாள்கணக்கில் சாலக்குடி ஆற்றுக்கு ஓடியது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு ஷட்டர், அதோடு சேர்ந்த ஒரு சங்கிலி. அதைக் காலாகாலத்தில் மாற்றியிருந்தால் எத்தனை ஆயிரம் ஏக்கர் நனைந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் உடைந்தால் ஊருக்கே தெரிகிறது. வழி நெடுகக் கால்வாய்க்குப் பக்கத்தில் கிணறு வெட்டி, குழாய் பதித்து, ராத்திரியில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் மடைக்கு வரவேண்டிய அளவில் பாதிகூட வராத சுற்றுகள் உண்டு. மனுக் கொடுத்தோம், ரோட்டில் உட்கார்ந்தோம். வந்து பார்த்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். தலைமடைக்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் தென்னை காய்ந்து, வேர் வாடல் நோய் வந்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். ஆனால் ஆறு மலை தாண்டி வந்த தண்ணி கடைசி ஆறு கிலோமீட்டரில் காணாமல் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்களோடு போகிறீர்கள் என்றால் பாட்டுப் போடும் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நாங்கள் போனபோது முன்னால் போன வண்டி ஒன்றில் ஆட்டமும் கூச்சலும் தாங்க முடியவில்லை. அவர்கள் ஒரு மானைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். புரட்டாசி, ஐப்பசியில் போனால் ஏரி நிறைந்திருக்கும், அட்டையும் இருக்கும், முழங்கால் வரை காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எதையும் உள்ளே கொண்டு போகாதீர்கள். வழிகாட்டி நில்லுங்கள் என்றால் நில்லுங்கள், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். தூணக்கடவு வந்ததும் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தத் தண்ணியைச் சும்மா பாருங்கள். அது எங்கே போகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அப்பா இப்போது மடைக்குப் போவதில்லை, கால் ஒத்துழைப்பதில்லை. போன தடவை எங்கள் முறை வந்தபோது முதல் தண்ணியில் ஒரு சொம்பு மொண்டு வந்து திண்ணையில் அவரிடம் கொடுத்தேன். எப்போது திறந்தார்கள் என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டே தூணக்கடவு, சர்க்கார்பதி, காண்டூர், திருமூர்த்தி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். சொம்பைக் கீழே வைக்கவே இல்லை.