மனித உடம்புல கடவுளோட கைவண்ணம் தெரியுதா?

உடம்பு வேலை செய்யற விதத்தைப் பார்த்தா கடவுள் யோசிச்சு செஞ்ச மாதிரி தோணுதான்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தோணும். ஆனா இதுதான் ஆதாரம்னு சொல்லிக்கிட்டு யார்கிட்டயும் மல்லுக்கு நிக்க மாட்டேன்.

இந்த கேள்வி வந்தாலே எல்லாரும் கண்ணு, மூளைன்னு ஆரம்பிச்சிடுவாங்க. என்னைக் கேட்டா குழந்தை பிறக்கற அந்த சில நிமிஷம்தான். வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் அதோட நுரையீரல்ல காத்தே கிடையாது, வெறும் திரவம்தான், ஆக்சிஜன் எல்லாம் தொப்புள்கொடி வழியா வந்துடும், அப்போ நுரையீரலுக்கு ரத்தத்தை நிறைய அனுப்பி என்ன பிரயோஜனம், அதனால இதயத்தோட மேல் அறை ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை, வெளிய பெரிய ரத்தக்குழாய் ரெண்டுக்கும் நடுவுல ஒரு குறுக்குக் குழாய், முக்கால்வாசி ரத்தம் நுரையீரல் பக்கமே போகாம இப்படியே சுத்தி வந்துடும். பொறந்து வீல்னு கத்தி மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரியுது, ரத்தம் அங்க பாய்ஞ்சுட்டு இதயத்தோட இடது பக்கம் திரும்புது, அங்க அழுத்தம் ஏறுது, அந்த ஓட்டைல இருக்கற மெல்லிசான சவ்வு ஒரு பக்கம் மட்டும் திறக்கற கதவு மாதிரி, அந்த அழுத்தத்துலயே சாத்திக்குது! குறுக்குக் குழாயும் ஆக்சிஜன் கூடினதும் சுருங்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல மூடிடும், அப்புறம் வெறும் நாராத்தான் மிஞ்சும். இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு கை கூப்பத்தான் தோணுச்சு.

கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி அதுல ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளிய விடுதுங்கறதெல்லாம் வாட்ஸ்அப்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க, விடுங்க.

என் நண்பர் ஒருத்தர் பக்கா நாத்திகர். அவர் சொல்வார், சாப்பாடு போற வழியும் மூச்சு போற வழியும் தொண்டைல ஒண்ணா வச்சது யாரு, புரை ஏறி மனுஷன் சாகறானேன்னு. அதோட விடமாட்டார், நம்ம கண்ணுல நரம்பு விழித்திரைக்கு முன்னாடி ஓடி ஒரு இடத்துல உள்ள நுழையறதால அந்த இடத்துல பார்வையே இல்ல, ஆக்டோபஸுக்கு அந்த பிரச்சினையே இல்லைம்பார். நியாயமான பேச்சுதான். பரிணாமம்னு சொன்னா நானும் ஒத்துக்கறேன், கடவுள் அந்த வழியா வேலை செய்யக்கூடாதுன்னு என்ன இருக்கு? பிளான் போட்டு உக்காந்து வரையற இன்ஜினியரா நான் அவரை என்னைக்குமே நினைச்சதில்ல, அப்படி நினைக்கறவங்களுக்குத்தான் இந்த கேள்வியெல்லாம் இடிக்கும்.

குறைமாசத்துல பிறக்கற குழந்தைங்க சிலருக்கு அந்த குறுக்குக் குழாய் தானா மூடாது. அதுக்கு டாக்டருங்க கொடுக்கற மருந்துல இபுபுரூஃபன், பாராசிட்டமால் கூட உண்டு, ஆமா, நாம காய்ச்சலுக்குப் போடறோமே அதே பாராசிட்டமால்தான். அதையும் நான் கடவுள் கணக்குலதான் எழுதுவேன், நண்பர் டாக்டர் கணக்குல எழுதுவார்.