ஏலத்தோட்ட வேலைக்குத் தாங்கும், ஆனால் கனக்காத போன் எது?

கேட்டவர் கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். வேலைக்கு வந்தவர்களின் பேர் போடவும், மருந்தடி நடந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பவும், மழை சேறு எல்லாவற்றையும் தாங்குகிற ரக்டு போன் வேண்டும், ஆனால் அது செங்கல் மாதிரி இருக்கக் கூடாது, அப்படி ஒன்று உண்டா என்கிறார். நானும் வண்டன்மேடு பக்கம் அதே வேலைதான். உண்டு. ஆனால் கடையில் "மிலிட்டரி கிரேடு" என்று சொல்லிக் கையில் கொடுப்பதெல்லாம் அது கிடையாது.

எடையைப் பேசிவிடுவோம். ரக்டு என்று ஆன்லைனில் தேடினால் முதலில் வருவதெல்லாம் 300 கிராமுக்கு மேல். டூஜி வி மேக்ஸ் என்று ஒன்று வந்தது, 22,000 எம்ஏஎச் பேட்டரி, எடை அரைக் கிலோவுக்கும் மேல். யூட்யூபில் அதன்மேல் கார் ஏற்றிக் காட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏலச்செடிக்குக் காய் தூரில் சரம் விட்டு வருகிறது, காய் எடுப்பைப் பார்க்கப் போகிறவன் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை. அரைக் கிலோவைச் சட்டைப் பையில் போட்டால் முதல் குனிவிலேயே கீழே விழும், பேன்ட் பையில் போட்டால் சரிவில் ஏறும்போது தொடையில் இடித்துக்கொண்டே வரும். அப்புறம் என்ன ஆகும்? பத்து மணிக்குள் அது ஜீப் டேஷ்போர்டுக்குப் போய்விடும். ஒருவரைப் பாம்பு தீண்டினாலோ, நிழல் மரத்திலிருந்து கிளை முறிந்து விழுந்தாலோ, எதற்கும் உடையாத அந்தப் போன் அரை மைல் தள்ளி ஜீப்பில் பத்திரமாக இருக்கும். அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் 250 கிராமைத் தாண்டாதே என்றுதான் சொல்வேன், கவர் போட்ட பிறகு வருகிற எடையில்.

கவரையும் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 180 கிராம் போன் வாங்கி, பயந்துபோய் அதற்கு ஒரு கனத்த ரப்பர் கவர் போட்டால் 230, 240 ஆகிவிடும். சாம்சங்கின் ரக்டு போனான எக்ஸ்கவர்7 கவர் இல்லாமலே 240 கிராம், 10.2 மில்லிமீட்டர் தடிமன். ஆக இரண்டும் கையில் ஒரே கனம்தான், மெலிசு என்கிற ஆசையில் பாதி இங்கேயே அடங்கிவிடுகிறது.

மிலிட்டரி கிரேடு சமாச்சாரத்துக்கு வருவோம். பெட்டியில் எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்று போட்டிருப்பார்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைச் சொல்லும் ஆவணம், 810எச் என்பது 2019-ல் வந்த பதிப்பு. அதில் வெப்பம், குளிர், ஈரப்பதம், உப்புக்காற்று, அதிர்வு, விழுதல் என்று இருபதுக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. எதையெல்லாம் செய்வது, எந்த அளவில் செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்துகொள்ளலாம். சான்று கொடுக்க ராணுவத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. விழுதல் சோதனை எப்படி என்றால், நாலடி உயரத்திலிருந்து 26 தடவை போட வேண்டும் (ஆறு முகம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு), கான்கிரீட் மேல் பலகை போட்டு அந்தப் பலகையின் மேல்! அந்த 26-ஐயும் ஒரே பீஸில் போட வேண்டிய கட்டாயமும் இல்லை, ஐந்து பீஸ் வரை பிரித்துக்கொள்ளலாம். நம்மூர்ச் சரிவில் பலகை எங்கே இருக்கிறது, பாறைதான் இருக்கிறது. அதற்காக அந்த எண் வீண் என்று சொல்லவில்லை, எந்தச் சோதனை, எந்த உயரம் என்று கம்பெனி விவரமாகப் போட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, வெறும் எழுத்து மட்டும் இருந்தால் ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐபி67, ஐபி68 என்று தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற ஐபி எண் கொஞ்சம் நேர்மையானது. முதல் இலக்கம் தூசிக்கு, 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் குழாயில் பலமாகப் பீய்ச்சுகிற தண்ணீர், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், 8 என்றால் அதைவிடக் கடினமாகக் கம்பெனி சொல்கிற ஆழம் (பெரும்பாலும் ஒன்றரை மீட்டர், அரை மணி). 9 என்றால் 80 டிகிரி வெந்நீரைப் பக்கத்திலிருந்து பலத்த அழுத்தத்தில் பீய்ச்சுவார்கள். இதில் ஒரு விஷயம், 8 பாஸ் ஆனால் பீய்ச்சலுக்கும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை, இரண்டும் வேறு வேறு சோதனை. அதனால்தான் சில பெட்டிகளில் 66, 68, 69 என்று மூன்றையும் போடுகிறார்கள். மழைக்கு 67-ஏ தாராளம். சேறு அப்பிய போனைக் குழாயில் காட்டிக் கழுவுகிற ஆள் நீங்கள் என்றால் 66-ம் 69-ம் பிரயோஜனப்படும்.

எந்த எண்ணானாலும் சோதனை நல்ல தண்ணீரில்தான். மருந்துத் தண்ணீரில் இல்லை, சோப்புத் தண்ணீரில் இல்லை. மருந்தடி நாளில் ஓஸ் பிடிக்கிற கையோடு போனை எடுக்காதீர்கள், பட்டுவிட்டால் உடனே வெறும் தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், போனுக்காக மட்டும் சொல்லவில்லை, அதையேதான் பிறகு காதில் வைக்கப் போகிறீர்கள். இன்னொன்றும் உண்டு. நனைந்த போனைக் காய வைக்கிறேன் என்று ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அறை வாசலில் வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. காய் உலர்கிற அந்தச் சூடு 50 டிகிரி பக்கம் இருக்கும், பேட்டரிக்கும் ஆகாது, பின்மூடியை ஒட்டியிருக்கிற பசைக்கும் ஆகாது. பசை விட்டுப்போனால் ஐபி எண் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். திரை மாற்ற ஒரு தடவை கடையில் திறந்தாலும் அதே கதை, புது சீல் வைத்து ஒட்டினார்களா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் புகுந்த போனுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டி தருவதும் இல்லை, ஐபி68 என்று அவர்களே அச்சடித்திருந்தாலும்.

விழுந்து உடைவதைவிட மலையில் அன்றாடம் தொல்லை கொடுப்பது வேறு இரண்டு. ஒன்று, ஈரத் திரை. விரலில் இருக்கிற மின்தன்மையை வைத்துத்தான் டச் வேலை செய்கிறது, தண்ணீரும் அதே மாதிரி நடந்துகொள்வதால் சாரலில் போன் தானாக எதையாவது அழுத்திக்கொள்ளும், நாம் அழுத்தினால் கேட்காது. எக்ஸ்கவர்7-ல் கையுறைக்கென்று டச்சைக் கூட்டி வைக்க வழி இருக்கிறது, பக்கவாட்டில் தனிப் பொத்தான் ஒன்று உண்டு, அதை டார்ச்சுக்கோ நமக்கு வேண்டிய ஆப்புக்கோ வைத்துக்கொள்ளலாம். மற்ற போன்களில் வால்யூம் பொத்தானை அழுத்திப் போட்டோ எடுக்கப் பழகுங்கள். வளைந்த திரை வேண்டவே வேண்டாம், பார்க்க அழகு, ஆனால் ஈரக் கையில் விளிம்பு பட்டே ஏதாவது திறந்துகொள்ளும், விழுந்தால் முதலில் அடிபடுவதும் அந்த விளிம்புதான்.

இரண்டாவது, சார்ஜ் போடுகிற துவாரம். ஈரத்தோடு ஒயரைச் செருகினால் உள்ளே இருக்கிற உலோகப் பின்கள் அரித்துப்போகும், இப்போது பல போன்கள் ஈரம் இருக்கிறது என்று சொல்லி ஏற்ற மறுத்துவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் பக்கம் துணியே காயாது, துவாரம் எங்கே காயப் போகிறது! இங்கேதான் ஒயரில்லாத சார்ஜ் கைகொடுக்கும். எக்ஸ்கவர்7-ல் அது இல்லை, அதற்குப் பதில் வெளியே உலோகப் புள்ளிகள் வைத்திருக்கிறார்கள், தனி ஸ்டாண்டு வாங்கினால் அதில் வைத்து ஏற்றலாம்.

பேட்டரி பெரிதா சிறிதா என்பதற்கு முன்னால் டவரைப் பாருங்கள். கம்பம் மெட்டு ஏறி எல்லை தாண்டினால் போன் தமிழ்நாட்டு டவரை விடவும் மாட்டாமல் கேரள டவரைப் பிடிக்கவும் மாட்டாமல் தேடிக்கொண்டே இருக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் அதிக சக்தி கொடுத்துக் கத்த வேண்டியிருக்கிறது, பேட்டரி கரைவது அதில்தான். பள்ளத்துக்குள் இறங்கினால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, பேரை ஆஃப்லைனில் பதிந்து, மேட்டுக்கு வந்ததும் அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த சிம் எடுக்கிறது என்பதை வாங்கும் முன்பே ஜீப் டிரைவர் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரியாத வளைவு இல்லை.

சரி, எதை வாங்குவது? எஸ்டேட் செலவில் என்றால் யோசிக்காமல் எக்ஸ்கவர்7. 2024-ல் இந்தியாவுக்கு வந்தபோது 27,000 சொச்சம். பேட்டரி 4,050 எம்ஏஎச், இந்தக் காலத்துக்குச் சிறிசுதான், கேமராவும் சுமார். ஆனால் பின்மூடியை நகத்தால் திறந்து பேட்டரியை மாற்றலாம், அப்படியிருந்தும் ஐபி68. பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் பவர் பேங்கும் ஒயரும் சுமக்க வேண்டாம், இரண்டு வருஷம் கழித்துப் பேட்டரி தளர்ந்தால் கடைக்குப் போகவும் வேண்டாம். தோட்ட வேலைக்கு இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரிந்து இல்லை.

சொந்தப் பணம், வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே போன் என்றால் ரக்டு என்ற பெயரையே விட்டுவிடுங்கள். மோட்டோரோலா எட்ஜ் 50 நியோ 171 கிராம், 8.1 மில்லிமீட்டர், தட்டைத் திரை, ஐபி68, ஒயரில்லாத சார்ஜும் உண்டு. திரைக் கண்ணாடி பழைய தலைமுறை கொரில்லா 3, அதனால் டெம்பர்டு கிளாஸ் கட்டாயம். எட்ஜ் 50 இன்னும் மெலிசு, 7.8 தான், ஆனால் வளைந்த திரை, எனக்கு வேண்டாம். ஓப்போ எஃப்29 6,500 எம்ஏஎச் பேட்டரியை வைத்துக்கொண்டு 180 கிராமில் நிற்கிறது, 66, 68, 69 மூன்றும் இருக்கிறது, பேட்டரிதான் கவலை என்றால் இதைப் பாருங்கள். எதுவானாலும் திரையைவிட ஒரு மில்லிமீட்டர் உயரமாக விளிம்பு நிற்கிற மெல்லிய ரப்பர் கவர் போதும், கூடவே கழுத்தில் மாட்ட ஒரு கயிறு. அந்தக் கயிறு காப்பாற்றுகிற அளவுக்கு எந்த மிலிட்டரி கிரேடும் காப்பாற்றாது, குனியும்போது போன் கீழே போகவே போகாதே.

கடைசியாக, பெயர் தெரியாத கம்பெனி ரக்டு போனை விலைக்காக ஆன்லைனில் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேட்டர்பில்லர் இயந்திரக் கம்பெனியின் கேட் (Cat) என்ற பெயரில் ரக்டு போன் விற்றுக்கொண்டிருந்த பிரிட்டனின் புல்லிட் கம்பெனியே 2024-ல் நொடித்துப்போனது, அவ்வளவு பெரிய பெயருக்கே அந்த நிலை. எந்த மாடலை முடிவு செய்தாலும் அதற்குத் திரையும் பேட்டரியும் தேனியிலோ கட்டப்பனையிலோ கிடைக்குமா, எத்தனை நாளாகும் என்று சர்வீஸ் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.